இரண்டாவது சீசன் தேவையில்லை

நானூறு எபிசோடு ஓடும் தொடர்களைப் பார்ப்பவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, மேடம். என் மச்சானே அந்த ரகம்தான். ஒரு வாளை உருவுவதற்கு நாலு எபிசோடு எடுத்துக்கொள்ளும் தொடர் ஒன்றைப் பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குக் கல்யாணம் ஆகி, ரெண்டு பிள்ளை பிறந்து, முன்மண்டையில் வழுக்கையும் விழுந்துவிட்டது. கதாநாயகன் இன்னும் பள்ளிக்கூடத்தை முடிக்கவில்லை. அது அவன் தலையெழுத்து, நான் தலையிட்டதில்லை.

என் கட்சி வேறு. அடிதடி அனிமே, அதாவது ஜப்பான் பாணிக் கார்ட்டூன் தொடர் என்றால் ஒரே சீசன், பன்னிரண்டு எபிசோடு, அதோடு மூட்டை கட்டிவிட வேண்டும். இரண்டாவது சீசன் வந்தால் என்ன நடக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். முதல் சீசனில் செத்த வில்லன் கன்னத்தில் ஒரு தழும்போடு நல்லவனாகத் திரும்பி வருவான். உலகம் அழிந்துகொண்டிருக்கும்போது எல்லோரும் கடலில் குளிக்கப் போவார்கள். ஓங்கிய கத்தி அந்தரத்தில் நிற்க, ஓங்கியவனின் சின்ன வயசுக் கஷ்டம் பதினெட்டு நிமிஷம் ஓடும். ஒன்றுமே தோன்றாவிட்டால் செத்துப்போன அப்பா உயிரோடு வருவார். கற்பனை வறண்டவனுக்குக் கடைசிப் புகலிடம் செத்த அப்பாதான்.

'துருப்பிடித்த வானம்' உங்களுக்குத் தெரிந்திருக்காது. பெயரை எழுதிக்கொள்ளுங்கள், வழக்குக்குத் தேவைப்படும். தீயணைப்பு வண்டி ஓட்டும் ஒரு பெண், புகையிலிருந்து முளைக்கும் மிருகங்களோடு சண்டை போடுகிறாள், அவ்வளவுதான் கதை. எட்டாவது எபிசோடில் வரைந்தவர்கள் களைத்துவிட்டார்கள் போலிருக்கிறது, மூன்று நிமிஷம் வெறும் மேகம் ஓடும். அதையும் மன்னித்தேன். காரணம் பன்னிரண்டாவது எபிசோடு. எரியும் ஆலைக்குள் ஒரு இரும்புக் கதவு. உள்ளேயிருந்து யாரோ தட்டுகிறார்கள். அவள் தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு உள்ளே போகிறாள், கதவு மூடுகிறது. தட்டியது யார் என்று சொல்லவே மாட்டார்கள். அந்த எபிசோடை நான் அறுபத்து மூன்று தடவை பார்த்திருக்கிறேன். அதுவரைதான் என் மனைவி எண்ணி வைத்திருந்தாள். அறுபத்து நாலாவது தடவை பார்த்தபோது அவள் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.

அதை உருவாக்கியவரை ரசிகர்கள் மாஸ்டர் என்பார்கள். கதை அவருடையது. ஒவ்வொரு காட்சியையும் முதலில் பென்சிலால் வரைவதும் அவரே. அவர் என் அறைக்கு வந்ததற்கு நான் எந்த ஏற்பாடும் செய்யவில்லை, இதை அடிக்கோடிட்டு எழுதுங்கள். வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்து அவருடைய வலது உள்ளங்கை கிழிந்திருந்தது. நாலு விரல்களை மடக்கும் தசைநார்கள் அறுந்துபோக, சர்ஜன் தைத்து அனுப்பினார். அந்த ஆஸ்பத்திரியில் கைக்கென்று இருக்கும் பிசியோதெரபிஸ்ட் நான் ஒருவன்தான்.

கூடவே அவருடைய அக்கா வந்தார். "இவன் சொன்ன பேச்சு கேக்க மாட்டான் தம்பி. நீங்கதான் கொஞ்சம் மிரட்டி வைக்கணும்" என்றார். நான் யாரையும் மிரட்டுவதில்லை. மாஸ்டர் சின்ன உருவம், சட்டைப் பையில் இன்னும் பென்சில் வைத்திருந்தார். அளவு நாடாவைக் கீழே போட்டுவிட்டு எடுத்தேன்.

தைத்த தசைநாருக்குப் பன்னிரண்டு வாரக் கணக்கு. சிரிக்காதீர்கள், மருத்துவப் புத்தகத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. மணிக்கு ஒரு தடவை விரல்களை மெல்ல அசைக்க வேண்டும். வேகமாக அசைத்தால் தையல் பிய்ந்துவிடும். அசைக்காமலே விட்டால் உள்ளே தசையோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் விரல் மடங்காது. என் தொழில் மொத்தமும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

முதல் நாள் நான் விரல்களை அளந்துகொண்டிருந்தபோது அவரே சொன்னார். "சீக்கிரம் சரி பண்ணிக் குடுங்க. ரெண்டாவது சீசனுக்கு ஒத்துக்கிட்டேன்."

"நீங்களேதான் வரையணுமா சார்?"

"நான் சரின்னு சொல்லாம வேற யாரும் தொடக் கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்கேன். நான் யாருக்கும் சரின்னு சொல்ற ஆள் இல்ல. அதனால இந்தக் கை இல்லன்னா சீசனும் இல்ல."

கடைசி வாக்கியத்தைச் சொன்னது அவர், நான் இல்லை.

அதற்குப் பிறகும் இரண்டு வாரம் ஒழுங்காகவே வேலை செய்தேன். விரல்கள் நன்றாக அசைந்தன. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மூன்றாவது வாரம், பேச்சுக்குத்தான், ரசிகர்கள் எழுதி அனுப்புவதையெல்லாம் படிப்பீர்களா என்று கேட்டேன்.

"ஐயோ, அத ஏன் கேக்கறீங்க" என்று நாற்காலியில் சாய்ந்தார். "ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் நாப்பது பக்கத்துக்கு ரெண்டாவது சீசன் எழுதி அனுப்பியிருந்தான். ஆபீஸ்ல ஒருத்தர் மேஜை மேல ஏறி நின்னு படிச்சாரு, நாங்க ரெண்டு நாள் வேலையே பாக்கல. வயிறு புண்ணாயிடுச்சு."

அக்காவும் சிரித்தார். நானும் சிரித்தேன். மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொள்ள வலது கையைத் தூக்கினார், நான் மெதுவாகப் பிடித்துக் கீழே வைத்தேன்.

அந்த வாரத்திலிருந்துதான் அவர் கைக்கு ஓய்வு கொடுத்தேன். இரண்டுக்கும் முடிச்சுப் போடாதீர்கள். நன்றாக முடிந்த ஒன்றைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் எனக்கு முன்னாலேயே இருந்தது, அன்றைக்குத் தெளிவானது, அவ்வளவுதான். "தையல் கொஞ்சம் வீக்கா இருக்கு சார், இப்போதைக்கு அசைக்க வேண்டாம்" என்றேன். கையைத் தாங்கும் பிளாஸ்டிக் கட்டை இறுக்கிவிட்டேன். பயிற்சி நடந்ததாக அட்டையில் மணிக்கு ஒன்று என்று டிக் போட்டு வைத்தேன். நான் அவரைத் தொடக்கூட இல்லை, மேடம். ஒரு மனிதன் கையைச் சும்மா வைத்திருப்பது எந்தச் சட்டப் பிரிவில் வருகிறது என்று தெரியவில்லை.

அவர் சொன்ன பேச்சைக் கேட்டார். அக்கா பயந்தது வீண். ஆறாவது வாரம் இடது கையால் ஒரு படம் வரைந்து கொண்டுவந்து கொடுத்தார். தீயணைப்பு வண்டி. சக்கரம் நாலும் நாலு விதமாகக் கோணியிருந்தன. கீழே 'பொறுமையான டாக்டருக்கு' என்று எழுதியிருந்தார். நான் டாக்டர் இல்லை, ஆனாலும் திருத்தவில்லை. படத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன். பிறகு அவர் கைக்கட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்.

பன்னிரண்டு வாரம் முடிந்தபோது விரல்கள் மரக்கட்டை போல நின்றன. எல்லாம் இதோடு நல்லபடியாக முடிந்திருக்க வேண்டியது. சர்ஜன்தான் விடவில்லை. சிலருக்கு உடம்பு வாகு அப்படி என்று சொல்லி, மறுபடி கையைத் திறந்து, ஒட்டியதையெல்லாம் சுரண்டி எடுத்தார். ஆபரேஷன் மேஜையிலேயே விரல்கள் முழுசாக மடங்கியதாம். சர்ஜன் என்னிடம் வந்து, "பூ மாதிரி பாத்துக்கணும். கனமா எதையும் பிடிக்க விட்டுடாதீங்க" என்றார். இதைத்தான் நான் சொல்கிறேன். முடிந்த ஒன்றை மறுபடி திறந்தால் இப்படித்தான், எல்லாவற்றையும் இரண்டாம் தடவை செய்ய வேண்டியிருக்கிறது.

என் அலமாரியில் கைப்பிடி ஸ்பிரிங்குகள் ஐந்து இருக்கின்றன. கடைசியாக இருக்கும் கறுப்பு, எடை தூக்குகிறவர்களுக்கானது. அதை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"அழுத்துங்க சார்."

"வலிக்குதே."

"வலிச்சாத்தான் சரியாகும். இன்னும். இன்னும் கொஞ்சம்."

உள்ளே அறுந்தபோது சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பிரிங் கீழே விழுந்தது. முதலில் இரண்டு விரல், அப்புறம் மற்ற இரண்டும் நேராக நின்றுவிட்டன. மாஸ்டர் முகம் வெளுத்துப் போனது. என்னைப் பார்த்து, "நான் ஏதாவது தப்பா பண்ணிட்டேனா?" என்று கேட்டார்.

"இல்ல சார், உங்க மேல எந்தத் தப்பும் இல்ல" என்றேன். அன்றைக்கு நான் பொய் பேசவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அக்கா இதையெல்லாம் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். வீட்டிலும் அப்படியே செய்யவைக்கலாம் என்று பிடித்தார். நான்தான் வெளிச்சத்துக்கு வாகாக நாற்காலியை நகர்த்திக் கொடுத்தேன். அதை அவர் சர்ஜனிடம் காட்டுவார் என்று தோன்றவில்லை. சர்ஜன் அந்தக் கறுப்பு ஸ்பிரிங்கைப் பார்த்ததும் உங்களுக்குப் போன் போட்டாராம். கெட்டிக்கார அக்கா.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். அந்தக் கை இனிமேல் பென்சில் பிடிக்காது, மூன்றாவது தடவை திறந்தாலும் தைக்க உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. பொறாமை, பழி என்று பெரிய வார்த்தையெல்லாம் போடாதீர்கள். ஒரு நல்ல தொடரின் மேல் இருந்த மரியாதையால் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

ஒரே ஒரு வேண்டுகோள். என் வீட்டைச் சோதனை போடும்போது மேஜையின் இடது பக்க டிராயரில் ஒரு நீல ஃபைல் இருக்கும். நாற்பது பக்கம், என்னிடம் இருக்கும் பிரதி அது ஒன்றுதான், மடக்காமல் எடுக்கச் சொல்லுங்கள். அதை மாஸ்டரிடம் சேர்த்துவிடுங்கள். அவரால் வரைய முடியாவிட்டால் என்ன, சரி என்று சொல்ல வாய் இருக்கிறது, கையெழுத்துக்கு இடது கை போதும். இப்போது அவருக்கு நிறைய நேரமும் இருக்கிறது. யாரையும் மேஜை மேல் ஏற்றாமல், தனியாக உட்கார்ந்து நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள். கதவுக்குப் பின்னால் இருப்பது அவளுடைய செத்துப்போன அப்பாதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கதையில் அதற்குத் தகுந்த காரணம் இருக்கிறது, மேடம்.