புயலுக்கு ஓர் அம்புக்குறி

அநியாயம் எங்க நைனாவுக்குத்தான் நடந்துச்சு, சரோஜா அத்தை. ஏரில வலை வெக்க அவரு முறை வந்த அன்னிக்குப் பாத்துப் புயலு. ஒருத்தரும் எறங்கல. மறுநாள் கரையில முறை சொல்ற உங்க புள்ள பூபதி, சடையன் முறை முடிஞ்சுது, இன்னிக்கு எங்க வூடுன்னுடுச்சு. எறா நல்லா ஓடற நேரம்! கோவம் வராதா?

டீயக் குடிங்க, ஆறிடப் போவுது. நீங்க கேட்டதுக்குத்தான் வரேன்.

வலை எறக்கறதுக்குள்ள பஞ்சாயத்து கூடிச்சு. வேதாசலம் மாமா இன்னா சொன்னாரு? சடையன் வூடு, சரோஜா வூடு, வேதாசலம் வூடு, மறுபடி சடையன் வூடு. வரிசை ஒடையலியே, இன்னா தப்புன்னாரு. எனக்குப் பத்திக்கிச்சு. மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் படிக்கிறவளாச்சே! அதக் கண்ணாடி ரூமுக்கு வெளியே நின்னு பாத்ததோட சரி, அது வேற. மாமா, நீங்க சொல்றது பேட்டர்ன், வரிசை எப்படி இருக்கணும்னு மட்டும் சொல்லும், இங்க கொறை ஆட்டோமேட்டாவுலன்னு ஆரம்பிச்சேன். எங்க நைனாவே தலையில துண்டப் போட்டுக்கினாரு.

வுட்டனா? மணல்ல மூணு வட்டம், வூட்டுக்கு ஒண்ணு, நடுவுல அம்புக்குறி. ஆட்டோமேட்டான்னா நம்ம பூபதி மாதிரி. பழைய கதை எதுவும் வேணாம். இப்ப எந்த வூட்ல நிக்கிறோம், இன்னிக்கு இன்னா நடந்துச்சு, இது ரெண்ட வெச்சே அடுத்து எங்கன்னு சொல்லும். வலை வெச்சா அடுத்த வூடு. புயல் வந்தா? அதுக்கு யாருமே வழி வெக்கலியேன்னு கத்தினேன். கத்தின வேகத்துல எங்க வூட்டு வட்டத்த நானே மிதிச்சு அழிச்சிட்டேன். தோணிரேவு ஊரே சிரிக்குது.

சிரிக்காதது உங்க புள்ள ஒண்ணுதான். குந்திக்கினு, அழிஞ்ச வட்டத்த வெரலால திரும்பப் போட்டுச்சு. புயலுக்குன்னு ஒரு அம்பு. எங்க வட்டத்துல கெளம்பி, வளைஞ்சு, அதே வட்டத்துக்கே. புயல்னா நின்ன எடத்துலயே நிக்கணும், நான் சொன்னது தப்பு, சடையன் மாமாவே எறங்கட்டும்னுச்சு. கையில வந்த முறைய வுட்டுக் குடுத்து!

எல்லாரும் போனப்புறம் என்னாண்ட ஒண்ணு கேட்டுச்சு. புயலடிச்ச மாதிரி நின்ன எடத்துலயே நின்னேன். அதான் உங்கள அனுப்பிருக்கு போல.

படிப்பு முடிஞ்சப்புறந்தான் கல்யாணம், அத மொதல்ல சொல்லிடுங்க. அப்புறம், சம்மதம்னு சொல்லிடுங்க அத்தை.