சுவர் நிற்பதற்காக

இஞ்சி பிஸ்கட்டால் வீடு கட்டும்போது கூரையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. சுவர் நின்றால் கூரை தானாக உட்காரும். சுவரை நிற்க வைப்பதுதான் பெரும்பாடு.

நான் கட்டுமான நிறுவனம் ஒன்றில் வரைபடம் போடுகிறேன். போன வருடம் விடுமுறை விருந்துக்கு, மேசை நடுவில் அலங்காரமாக வைக்க அப்படியொரு வீடு வேண்டும் என்று என் மனைவி ஆசைப்பட்டாள். அட்டையில் அளவு வெட்டிக் கொடுத்ததோடு நில்லாமல் முழு வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன்.

அவளுக்குச் சிறுநீரகம் மாற்றிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. கொடுத்தவர் அவள் அம்மா, என் அத்தை. மாற்றிய உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அவள் மாத்திரை சாப்பிட்டாள். அது நோயை எதிர்க்கும் சக்தியையும் சேர்த்துக் குறைத்துவிடும். ஆகவே ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தோம். அதில் இரண்டாவது வரி, பச்சை முட்டை கூடாது. எழுதியது நான். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

வீட்டை ஒட்டும் பசை, சர்க்கரைப் பொடியும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்து அடித்த ஐசிங். வெள்ளைக்கருவுக்குப் பதிலாக, கிருமி சாகச் சூடாக்கிய பவுடர் டப்பாவில் கிடைக்கும். அதைத்தான் வாங்கியிருந்தேன். இரண்டு முறை சுவர் எழுப்பினேன். இரண்டு முறையும் சரிந்தது.

அவள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன மேஸ்திரி, கால் வலிக்குதுன்னு சுவர் உக்காந்துடுச்சா?"

அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "சும்மா இருடி. மாப்பிள்ளை ஆபீஸ்ல பத்து மாடி போடறவரு."

"பேப்பர்லதானேம்மா போடறாரு. பேப்பர்ல நான் இருபது மாடி போடுவேன்."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அறுவைசிகிச்சைக்குப் பிறகு அவள் வயிறு குலுங்கச் சிரித்தது அன்றுதான். அது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

மூன்றாம் முறைக்கு டப்பாவில் பவுடர் இல்லை. கடை திறந்துதான் இருந்தது. நடந்தால் பத்து நிமிடம். விருந்தும் மறுநாள்தான். மதியம் இருவரும் படுத்திருந்தபோது மூன்று முட்டைகளை உடைத்தேன். ஓடுகளைக் காகிதத்தில் சுற்றித் தெருக்கோடித் தொட்டியில் போட்டேன். வீட்டில் கிடந்தால் நாறும். காலி டப்பாவை மட்டும் மேசையிலேயே விட்டுவைத்தேன்.

சுவர் நின்றது. தட்டிப் பார்த்தேன், அசையவில்லை.

அவள் எழுந்து வந்ததும் கூரைமேல் ஐசிங்கால் பனி மாதிரி வைப்பது தன் வேலை என்றாள். ஐசிங் நிரப்பிய காகிதக் கூம்பைக் கையில் எடுத்தாள். கூம்பின் முனை அடைத்துக்கொண்டால் வாயில் வைத்து உறிஞ்சிவிடுவது அவள் வழக்கம். முதல்முறை உறிஞ்சுவதற்கு முன் கேட்டாள்.

"இது டப்பா பவுடர்தானே?"

"ஆமா. வேற என்ன?"

கூரை முடிய ஒரு மணி நேரம் ஆனது. முனை ஆறேழு முறை அடைத்தது.

தடுத்திருக்கலாம் என்பீர்கள். தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் வீட்டை இடிக்க வேண்டும்.

விருந்தில் எல்லோரும் வீட்டைப் புகைப்படம் எடுத்தார்கள். அதற்கு அடுத்த நாள் அவளுக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தன. மருத்துவமனையில் அத்தையையும் என்னையும் நிற்க வைத்து மருத்துவர் விசாரித்தார்.

"பச்சை முட்டை, காய்ச்சாத பால், அந்த மாதிரி ஏதாவது? டெஸ்ட் ரிசல்ட் வர ரெண்டு நாளாகும். எதனாலன்னு தெரிஞ்சா மருந்தை இப்பவே மாத்திடலாம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

நன்றாக யோசித்தேன். "லிஸ்ட்ல கூடாதுன்னு இருக்கறதை நாங்க தர்றதே இல்லை, டாக்டர்."

"முலாம்பழம் குடுத்தேனே," என்றார் அத்தை. "நான்தான் நறுக்கினேன். கழுவித்தான் நறுக்கினேன்."

மருத்துவர் என்னைப் பார்த்தார்.

"பழம் கொஞ்ச நேரம் வெளியில இருந்துச்சு," என்றேன்.

அது பொய் இல்லை. பழம் வெளியில்தான் இருந்தது.

மறுநாள் வார்டில் அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "மேஸ்திரி, வீடு நிக்குதா?"

"நிக்குது."

"அப்ப பாஸ்."

முடிவு வந்த பிறகு மருந்தை மாற்றினார்கள். அதற்குள் கிருமி ரத்தத்தில் ஏறியிருந்தது. ஐந்தாம் நாள் காலை இறந்தாள்.

இது நடந்து பதினோரு மாதம் ஆகிறது. அத்தை என்னோடுதான் இருக்கிறார். எனக்கு யாரும் இல்லை என்று அவரே வந்துவிட்டார். கத்தியைத் தொடுவதில்லை. பீன்ஸைக் கையால் ஒடிக்கிறார், கீரையைக் கிள்ளிப் போடுகிறார். தட்டில் வைத்த சோறு பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. இருக்கிற ஒரு சிறுநீரகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பிய மாத்திரையையும் நிறுத்திவிட்டார். "குடுத்ததும் நான்தான், கெடுத்ததும் நான்தான். எனக்கெதுக்கு மாப்பிள்ளை?" என்கிறார். கை கால் வீங்க ஆரம்பித்திருக்கிறது.

வாரத்துக்கு ஒருமுறையாவது சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து கேட்பார்.

"நிஜமாச் சொல்லுங்க. என்னை மன்னிச்சிட்டீங்களா?"

"நீங்க வேணும்னா செஞ்சீங்க, அத்தை? எப்பவோ மன்னிச்சிட்டேன்."

முதல் தடவை சொன்னபோது என் குரல் நடுங்கியது. இப்போது நடுங்குவதில்லை. அதைக் கேட்ட பிறகுதான் அவர் நாலு வாய் சாப்பிடுகிறார். அதற்காகவே சொல்கிறேன்.

இவ்வளவையும் அவரிடம் சொல்லிவிடலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். சொல்லிவிட்டால், பாவம், அவரை மன்னிக்க ஆளே இருக்காது.