தண்ணீர் லாரிக்கு ஓர் எஸ்எம்எஸ்

"தண்ணி லாரி வருதுன்னு எஸ்எம்எஸ் அனுப்புறதுக்கா மச்சான் வேலையை விடப்போற?"

தாம்பரத்தில் கிளம்பிய கடற்கரை ரயிலில், ஜன்னலோரம் இருந்தவர் எதிரே இருந்த நண்பரிடம் இதைக் கேட்டார். நண்பரின் கழுத்தில் நாவலூர் ஐடி கம்பெனி ஒன்றின் அடையாள அட்டை தொங்கியது.

"எல்லா ஏரியாவுக்கும் தேவைடா. டிரைவர் கிளம்பினதும் நமக்குச் சொல்வார். நாம தெருவுக்கே அனுப்புவோம்."

"யாராச்சும் யூஸ் பண்ணிப் பார்த்தாங்களா?"

"எங்கம்மா பார்த்தாங்க. நல்லாருக்குன்னாங்க."

"லாரி வந்தப்போ குடத்தோட போய் நின்னாங்களா?"

"நின்னாங்க. எதிர்வீட்டு அக்கா மிஸ்டு கால் குடுத்தாங்க."

"காசில்லாம. உன் எஸ்எம்எஸ்?"

"லாரி போனப்புறம் வந்துச்சு. நெட்வொர்க் பிரச்சினை."

"நெட்வொர்க்கைத் திட்டாத. உங்க தெருப் பொம்பளைங்க உன் கம்பெனியை ஏற்கெனவே நடத்திக்கினு இருக்காங்க. ஊரெல்லாம் வேலையை விட்டு ஆளைத் தூக்குற நேரத்துல நீயா ராஜினாமா பேப்பர் போட்டுத் தொலைக்காத."

"நேத்தே போட்டுட்டேன்."

குரோம்பேட்டையில் ஏறிய கூட்டத்துக்கு நடுவே ஜன்னலோரத்துக்காரர் முன்னால் குனிந்தார்.

"மேனேஜர் இருக்கச் சொல்லலையா?"

"ஐடியா பிரமாதம்னார். இன்னிக்கே வேணாலும் ரிலீவ் பண்றேன்னார்."