பின்வாசல் கருவேலமரத்தை வெட்டியது பற்றி ராமலட்சுமி சொன்னது

என் பெயர் ராமலட்சுமி. வயது ஐம்பத்தொன்று. கணவர் பெயர் சின்னச்சாமி. வெறும் பெயரை மட்டும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். சார்பு ஆய்வாளர் ஐயா அதற்கு முன்னால் ‘லேட்’ என்று சேர்த்துக்கொண்டார். திருச்சுழி தாலுகா, கீழப்புளியேந்தல் கிராமம், கண்மாய்க்கரைத் தெருவில் கடைசி வீட்டில் குடியிருந்து வருகிறேன். மானாவாரியில் மல்லியும் குதிரைவாலியும் போட்டுப் பிழைக்கிறோம். எங்களுக்கு ஒரே மகள், பெயர் ஜெகதீஸ்வரி, காரியாபட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். நான் எட்டாவது வரை படித்திருக்கிறேன், கையெழுத்துப் போடுவேன். என் கணவர் இறந்தது சம்பந்தமாக இன்று காவல் நிலையத்துக்கு நானாகவே வந்து இதைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டின் பின்வாசலைத் திறந்தால் கண்மாய்தான். வீடு கட்டும்போது தரையை மேடாக்குவதற்குப் பின்னால் கண்மாய்க்குள்ளேயே மண் அள்ளினோம். ஊரில் எல்லாரும் அள்ளினார்கள், நாங்களும் அள்ளினோம். அதில் அந்த இடம் கிணறு மாதிரிப் பள்ளமாகிவிட்டது. கண்மாய் காய்ந்து கிடக்கும்போது பள்ளம் கண்ணுக்குத் தெரியும், தண்ணீர் பெருகிவிட்டால் தெரியாது. அதன் பிறகு பள்ளத்தின் விளிம்பில் ஒரு சீமைக்கருவேல மரம் தானாக முளைத்துப் பெரிதானது. மரத்துக்கு இந்தப் பக்கம் இடுப்பளவுத் தண்ணீர், அந்தப் பக்கம் ஆளை முழுங்கும். எங்கள் தெருவில் எல்லாருக்கும் இது தெரியும்.

என் கணவருக்குச் சர்க்கரை வியாதி. அதனால் கண் மங்கிப்போனது. எதிரில் வருகிற ஆளின் உருவம் தெரியும், முகம் தெரியாது. ஆனாலும் கண்மாயில் தண்ணீர் கிடக்கிற மாதங்களில் வீட்டுக்குள் குளிக்க மாட்டார். பின்வாசல் கல்லில் சோப்பை வைத்துவிட்டு, துண்டு வைத்திருக்கும் கையை முன்னால் நீட்டிக்கொண்டே தண்ணீருக்குள் நடப்பார். கை மரத்தில் பட்டதும் நின்று, கிளையில் துண்டைப் போட்டுவிட்டு, அங்கேயே முங்கி எழுந்திருப்பார். “முள்ளு கிழிக்கப்போகுது” என்று நான் சத்தம் போட்டால், “அது என்னைய ஒண்ணும் செய்யாது புள்ள, உன்னையவிட நல்லதாக்கும்” என்பார்.

மதுரைக்கு அடிக்கடி கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்ததால், வீட்டை விற்றுவிட்டு மகள் பக்கத்தில் காரியாபட்டிக்கே போய்விடுவது என்று இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். அவருக்கு மனக்கஷ்டம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். எனக்கு மட்டும் இல்லையா? அதன் பிறகு அருப்புக்கோட்டை வீட்டு புரோக்கர் பூமிநாதனை வரவழைத்துக் காட்டினோம். அவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, எந்தெந்தக் காலத்தில் என்னென்ன செய்ய வேண்டும் என்று சொன்னார்.

“அக்கா, கண்மாய்க்கரை வீட்ட கண்ட நேரத்துல காட்டக் கூடாது. சித்திரையில காட்டுனா வெடிச்ச தரையும் முள்ளுந்தான் தெரியும். ஐப்பசி கார்த்திகையில செவுத்துல ஓதம் ஏறும், அப்பப் பெயிண்டு அடிச்சா பொரிஞ்சு கொட்டிரும். மார்கழி வெயில்ல காயவிட்டு அடிங்க. தை பொறந்ததும் ஆளக் கூட்டியாரேன். வாசல்ல கால வச்ச உடனே பின்கதவு வழியாத் தண்ணி கண்ணுல படணும், பாத்துக்கோங்க” என்றார்.

அவர் சொன்னபடியே எல்லாம் செய்தோம். ஓதம் ஏறிய சுவரைச் சுரண்டிச் சிமெண்டு பூசினோம். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தோம். பின்கதவுக் கீல் கிரீச்சிட்டதற்கு என் கணவரே தடவிப் பார்த்து எண்ணெய் விட்டார். போன மழையில் தண்ணீர் எதுவரை ஏறியது என்ற தடத்தை மட்டும் அழிக்கக் கூடாது என்றும், வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை என்று வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் என் கணவர் சொன்னார். ஏமாற்றி விற்கிற ஆள் இல்லை அவர். அதன் பிறகு கரையோரம் மண்டிக்கிடந்த முள்ளை ஆள் விட்டு வெட்டினோம். அப்போது, “அந்த ஒத்த மரத்த மட்டும் தொடக் கூடாது, விக்கிற வரைக்கும் நான் குளிக்கணும்ல” என்று வெட்ட வந்தவர்களிடம் சொன்னார். நானும் சரி என்றேன்.

தை மாதம் பூமிநாதன் செல்போனில் படம் எடுக்க வந்தார். எடுத்த படத்தை என்னிடம் காட்டி, “நட்டநடுவுல இந்தக் கருவேலம் நிக்குதேக்கா, கண்ணுல முள்ளு விழுந்தாப்புல” என்றார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. மறுநாள் பார்க்க ஆள் வருகிறார்கள் என்றும் சொன்னார். அன்று என் கணவர் மகளோடு மதுரை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அவர் இல்லாத நேரத்தில் கரிமூட்டத்துக்கு மரம் வெட்டுகிறவர்களைக் கூப்பிட்டு அந்த மரத்தை வெட்டச் சொன்னேன். பூமிநாதன் வெட்டச் சொன்னதாக எழுத வேண்டாம். நான்தான் சொன்னேன்.

அவர்கள் தண்ணீர்மட்டத்துக்குக் கீழே அறுத்து, அடிமரத்தை மட்டும் கரிக்கு எடுத்துக்கொண்டார்கள். முள்கிளைகளைக் கரைக்கு இழுக்கச் சோம்பல்பட்டு அந்தப் பள்ளத்துக்குள்ளேயே தள்ளி, மிதக்காமல் இருக்க மேலே கல்லைப் போட்டு அமுக்கினார்கள். நான் பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணீர் ஒரே பரப்பாகத் தெரிந்தது, நன்றாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன். பாவி நான்.

அதன் பிறகு பொழுது சாய்ந்து என் கணவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். கொசுவுக்காகப் பின்கதவைச் சாத்தியிருந்தேன். மரத்தைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. அவர் கோபித்துக்கொண்டால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு யாரிடமும் பேச மாட்டார். வீடு பார்க்க வருகிறவர்கள் முன்னால் அப்படி உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்று, அவர்கள் போன பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். காலையில் எழுந்ததும் தடுத்துக்கொள்ளலாம், ஹீட்டரில் வெந்நீர் போட்டுத் தந்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

விடிந்ததும் நான் முன்வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று பெரிய கோலமாகப் போட்டேன். அதில் இருந்துவிட்டேன். அவர் உள்ளே இருந்து, “ஏ புள்ள, அந்தப் புதுச்சட்டைய எடுத்து வையி, வாரவுக முன்னாடி அழுக்கா நிக்க முடியுமா” என்றார். எடுத்து வைக்கிறேன் என்று நானும் குனிந்தபடியே பதில் சொன்னேன். பின்கதவு திறந்தது எனக்குக் கேட்கவில்லை. கீலுக்கு எண்ணெய் விட்டிருந்தது.

அதன் பிறகு பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய் அலறிக்கொண்டு ஓடி வந்தாள். நான் போய்ப் பார்க்கும்போது தண்ணீர் சலனமில்லாமல் கிடந்தது. சோப்பு கல்லில் இருந்தது. ஊர் ஆட்கள் இறங்கித் தேடினார்கள். பள்ளத்துக்குள் கிடந்த முள்ளில் வேட்டி சிக்கி, இழுக்க இழுக்க வரவில்லை. என் கணவருக்கு நீச்சல் தெரியும். அந்த முள் இல்லாமல் இருந்தால் எழுந்து வந்திருப்பார்.

அவரைக் கரையில் கிடத்தியிருக்கும்போது முன்வாசலில் கார் வந்து நின்றது. புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் என் கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கி உள்ளே வந்தார்கள். பூமிநாதன் சொன்ன மாதிரியே, வாசலில் கால் வைத்த உடனே பின்கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் என் கொழுந்தனார் மாரீஸ்வரன், வீட்டை விற்கச் சொல்லி நான் செய்த தொந்தரவு தாங்காமல் அவர் அண்ணன் தண்ணீரில் விழுந்து உயிரை விட்டுவிட்டார் என்று போலீசாரிடம் சொல்லியிருக்கிறார். அண்ணன் போன ஆற்றாமையில் சொல்கிறார், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அது பொய். சாகப் போகிற மனிதர் சோப்பை எடுத்துக்கொண்டு போவாரா? புதுச்சட்டை கேட்பாரா? அவர் போட இருந்த சட்டை இன்னும் கட்டிலில் விரித்தபடி கிடக்கிறது, வந்து பாருங்கள்.

தன் வீட்டுப் பின்வாசலில் நின்றிருந்த ஆவுடைத்தாய் கண்ணால் கண்டதை என்னிடம் சொன்னாள். “மதினி, அண்ணன் எப்பவும்போலத் துண்டு வச்ச கைய நீட்டிக்கிட்டே போனாக. மரம் நின்ன எடத்துல கை காத்துல அலையுது. இன்னுங் கொஞ்சம் தள்ளி இருக்கும்போலன்னு நெனச்சாகளோ என்னமோ, இன்னொரு எட்டு வச்சாக. நான் கூப்பாடு போடுறதுக்குள்ள ஆளக் காணல” என்றாள். அவளையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இப்படிச் சொன்னால் குற்றம் என்மேல் திரும்பும், யோசித்துச் சொல்லம்மா என்று சார்பு ஆய்வாளர் ஐயா கேட்டார். திரும்பட்டும். ஜெயிலுக்கு என்றாலும் போகிறேன். என் மகளும் என் முகத்தில் விழிக்காமல் இருக்கிறாள், அதையும் தாங்கிக்கொள்கிறேன். என்னோடு இருக்கப் பிடிக்காமல் அவர் போனார் என்று மட்டும் எந்தக் காகிதத்திலும் இருக்கக் கூடாது. அவர் என்னை விட்டுப் போகவில்லை. மரம் அங்கேதான் இருக்கும் என்று நம்பித்தான் போனார்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை ஐயா நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினார். கூட்டிச் சொன்னதும் இல்லை, குறைத்துச் சொன்னதும் இல்லை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நான் சொன்னது அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
சி. ராமலட்சுமி