கிராம்புத் தைலமும் எழுபத்தைந்து கிலோ மூட்டையும்

நேற்றுவரை சுமைக்குத் தோள் கொடுத்து, இன்று கூட்டத்துக்குத் தலை கொடுத்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! எனக்கு முன்னே முதுகு வளைந்த மூத்தவர்களே! அந்த முதுகுகளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தே கை தேய்ந்த தாய்மார்களே! முன்வரிசையில் என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் தங்கை கணவரே, மச்சானே! வணக்கம்.

மூட்டையை எழுபத்தைந்திலிருந்து ஐம்பது கிலோவாகக் குறைக்கச் சொல்லிக் கிடங்கு முதலாளிகளிடம் கேட்டோம். குறைத்தார்களா? இல்லை, கொடுத்தார்கள்! எதைக் கொடுத்தார்கள்? ஆளுக்கொரு புட்டி கிராம்புத் தைலம்! இது போதுமா, போதாதா என்று இன்று நாம் கை தூக்கிச் சொல்ல வேண்டும்.

தைலத்தை நான் பழிக்க மாட்டேன். நல்லெண்ணெயில் நாலே சொட்டு கலந்து தேய்த்தால் வலி வாயடைத்துப் போகும். வீக்கம் வெட்கப்பட்டு வடியும். ஆனால் மச்சான் என்ன செய்தார்? முழுப் புட்டியையும் தோளில் கவிழ்த்தார்! போன மாதம், இரண்டாம் செவ்வாய், மூன்றாம் கிடங்கு. தோள் மரத்தது. மூட்டை வாசலிலேயே நழுவி விழுந்தது. மனிதருக்குத் தெரியவில்லை! குனிந்தபடி, மூச்சிரைத்தபடி அறுபதடி நடந்து வந்து, ஒன்றுமில்லாததை ஒழுங்காக அடுக்கிவிட்டு வியர்வையைத் துடைத்தார்.

"மூட்டை எங்கய்யா?" என்றார் மேற்பார்வையாளர்.

"கண்ணு என்ன முதுகுலயா இருக்கு சார்? இப்பதானே இறக்குனேன்!"

சிரியுங்கள், தாய்மார்களே! மாலையில் என்ன ஆனது? கடைசி மூட்டையை இறக்க மறந்து, சுமந்தபடியே வீட்டுக்குப் போய்விட்டார்! தங்கை கதவைத் திறந்தாள்.

"என்னங்க, தோள்ல யாரு?"

"யாருமில்லடி, சோத்தப் போடு!"

என்ன மச்சான், பொய் என்கிறீர்களா? எழுந்து நின்று சொல்லுங்களேன்!

"எப்படி மச்சான் எந்திரிக்கிறது? இடுப்பு புடிச்சு இருபது நாளாச்சு!"

கேட்டீர்களா? வலி போனது, எடை போனதா? வீக்கம் வற்றியது, மூட்டை வற்றியதா? வலி என்பது உடம்பு போடும் கூச்சல். கூச்சலிடுபவன் வாயைப் பொத்திவிட்டு, வீட்டில் பிடித்த தீ அணைந்தது என்பதா? தைலத்தையும் வாங்குவோம், ஐம்பதையும் வாங்குவோம்! ஐம்பதுக்கு மேல் ஒரு நெல்மணிகூட இனி நம் தோளில் ஏறாது! சம்மதமென்றால் தூக்குங்கள் கையை!

அடடா, காடுபோல் கைகள்! மச்சான், இரண்டையும் தூக்காதீர்கள். ஆளுக்கு ஒரு ஓட்டுதான்.

எழுந்த கைகளுக்கு நன்றி! எழ முடியாத இடுப்புகளுக்கு என் வணக்கம்!