சச்சி பார்க்காத ஆட்டங்கள்

எனக்கு உதைபந்தாட்டம் அவ்வளவாகப் பிடிக்காது. எனக்குப் பிடித்தது புள்ளிப் பட்டியல். இதைச் சொல்லும்போதெல்லாம் பக்கத்து வீட்டு எமில்டா சிரிப்பாள். "சோறு வேண்டாம், மெனு கார்ட் போதும் எண்ட மாதிரிக் கிடக்கு, ராசாண்ணை" என்பாள்.

இந்த வாக்குமூலத்தைத் தமிழில் எழுதலாமா என்று கேட்டேன். நீங்கள் சம்மதித்தீர்கள், நன்றி. எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். ஆனால் ஆங்கிலத்தில், அதுவும் அலுவலக விடயங்களில், நான் பெரும்பாலும் என் நண்பன் சச்சிதானந்தனாகத்தான் பேசிப் பழகியிருக்கிறேன். இதை எழுதுவது கிருஷ்ணராசா. அதில் குழப்பம் வரக்கூடாது.

மொழிபெயர்க்கப்போகும் தங்கச்சிக்கு உதைபந்தாட்டம் தெரியாதாம். ஆகவே முதலில் பட்டியலை விளக்கிவிடுகிறேன். முதற்பிரிவில் இருபது கழகங்கள். ஒவ்வொன்றுக்கும் முப்பத்தெட்டு ஆட்டங்கள். வென்றால் மூன்று புள்ளி, சமநிலை என்றால் ஒன்று, தோற்றால் ஒன்றுமில்லை. மே மாதக் கடைசியில் அடியில் கிடக்கும் மூன்று கழகங்களைக் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். மேலே யார் கிண்ணம் தூக்குகிறார்கள் என்பது பணக்காரர் வீட்டுக் கல்யாணம். நாங்கள் மதிலுக்கு வெளியே நின்று மேளச் சத்தம் கேட்பதோடு சரி. பதினேழாம் இடமா, பதினெட்டாம் இடமா என்பதுதான் எங்கள் வீட்டு விடயம். கழகத்தின் பெயரை எழுதவில்லை. அவர்கள் இந்த வருடம் போதிய அளவு அவமானப்பட்டுவிட்டார்கள்.

எப்படி அந்தக் கழகம் எங்களுடையதாயிற்று என்று கேட்டீர்கள். நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. 1989 தை மாதம், சச்சியும் நானும் அகதிகளாக லண்டனில் வந்து இறங்கிய பத்தாம் நாள், எங்களைத் தங்கவைத்த விடுதி மைதானத்துக்குப் பின்தெருவில் இருந்தது. சனிக்கிழமை பின்னேரம் திடீரென்று ஆயிரக்கணக்கான பேர் ஒன்றாகக் கத்தும் சத்தம். சச்சி கட்டிலுக்கு அடியில் புகுந்துவிட்டான். நான் அலுமாரிக்குள். அது கோல் என்று விடுதிக்காரர் விளக்கினார். அடுத்த சனிக்கிழமை சத்தமே இல்லை. "என்ன ராசா, இண்டைக்கு ஆக்களைக் காணேல்லை?" என்று சச்சி கவலைப்பட்டான். தோற்றுவிட்டார்கள் என்று தெரிந்தபோது இருவருக்கும் மனம் கனத்தது. அவ்வளவுதான், மாட்டிக்கொண்டோம்.

நான் பாதாள ரயிலில் சமிக்ஞைப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்தேன். சமிக்ஞை பிழைத்தால் என்ன செய்வோம் தெரியுமா? ஊகிக்கமாட்டோம். ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் கழற்றுவோம். பிழை போய்விட்டதா? இல்லையென்றால் அதைப் பூட்டிவிட்டு அடுத்ததைக் கழற்றுவோம். பிழை எப்போது மறைகிறதோ, அப்போது கையில் இருக்கும் பாகம்தான் குற்றவாளி. எளிமையான முறை. இந்த முறையின்மேல் எனக்கு ஒரு காதலே உண்டு.

பங்குனி மாதம் எங்கள் கழகம் முப்பது ஆட்டங்களில் இருபத்துநான்கு புள்ளிகளோடு பத்தொன்பதாம் இடத்தில் கிடந்தது. பிழை எங்கே என்று தேடத் தொடங்கினேன். பயிற்சியாளரை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை. என் அதிகாரத்துக்கு உட்பட்டது ஹரோவில் என் வீட்டு முன்னறை மட்டும். அங்கேதான் நான், சச்சி, எமில்டா மூவரும் ஆட்டம் பார்ப்போம். முதலில் என் காலுறையை மாற்றினேன். பலனில்லை. பிறகு துவைக்காமல் விட்டேன். எமில்டா யன்னலைத் திறந்தாள், அவ்வளவுதான் பலன். சோபாவைத் திருப்பிப் போட்டேன். மிக்சருக்குப் பதில் கடலை வைத்தேன். அறுபத்தாறு வயது மனிதன், முழங்கால் இரண்டும் தேய்ந்தவன், சோபாவைத் தள்ளிக்கொண்டு நின்றதை நீங்கள் பார்த்திருந்தால் அப்போதே கைது செய்திருப்பீர்கள்.

முப்பத்தோராவது ஆட்டத்துக்குச் சச்சி வரவில்லை. பெற்றோல் நிலையத்தில் ஷிப்டின்போது மூச்சு முட்டி, மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நாங்கள் மூன்றுக்குப் பூச்சியம் வென்றோம். அடுத்ததற்கு வந்தான். நான்கு கோல் வாங்கினோம். முப்பத்துமூன்றாவது அன்று அவனை ஒரு பரிசோதனைக்காக மறித்து வைத்திருந்தார்கள். வென்றோம். முப்பத்துநான்காவதில் முதற்பாதி முடிய, ஒரு கோல் முன்னணியில் இருந்தபோது, வாசல் மணி அடித்தது. சச்சி.

"பிந்திப்போனன். எத்தினை?"

"ஒண்டுக்குப் பூச்சியம். நாங்கள்தான் முன்னுக்கு" என்றாள் எமில்டா. "அண்ணை, குறை நினையாதேங்கோ, நீங்கள் பாத்தால் எங்கட கோல்கீப்பரே கண்ணை மூடுறான். குசினிக்குள்ள இருங்கோவன்."

"நான் பாக்காட்டி வேற ஆர் பாக்கிறது? உந்தக் கூத்தை உலகத்தில நாங்கள் மூண்டு பேர்தான் காசு குடுத்துப் பாக்கிறம்" என்று சொல்லிக்கொண்டே சச்சி உட்கார்ந்தான்.

இரண்டு கோல் வாங்கினோம். இரண்டாவதில் சச்சி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளிறிப்போனான். எமில்டா தண்ணீருக்கு ஓடினாள். நானும் எழுந்தேன். ஆனால் ஒரு விநாடி பிந்தித்தான் எழுந்தேன். அந்த ஒரு விநாடியில் என் மனதுக்குள் குற்றவாளிப் பாகம் கையில் வந்திருந்தது.

அன்றே சச்சியின் மனைவி கமலேஸ்வரி சட்டம் போட்டார். இதய ஒப்பரேஷன் முடியும்வரை மட்ச் கிடையாது. என் வேலையை அவரே செய்துவிட்டார். மீதி நான்கு ஆட்டம். எங்களுக்கு முப்பது புள்ளி.

இனி மருத்துவமனையிலிருந்து வந்த அந்தக் கடிதம்.

சச்சிக்குப் பேச்சு ஆங்கிலம் பெற்றோல் நிலையத்துக்குப் போதும். கடிதம், தொலைபேசி இரண்டுக்கும் நான். வந்த நாளிலிருந்து அப்படித்தான். எங்கள் ஆட்களில் இது ஒரு ஒழுங்கு: ஆங்கிலம் உள்ளவன் இல்லாதவனாகப் பேசுவான். தொலைபேசியில் பெயர், பிறந்த திகதி, வீட்டு இலக்கம் கேட்பார்கள். சச்சியுடையதை நான் தூக்கத்திலும் சொல்வேன். அவனுடைய பிறப்புச் சான்றிதழ் எரிந்துபோனதால் ஜனவரி ஒன்று என்று அகதிப் படிவத்தில் எழுதியவனே நான்தான். அரசாங்கத்தின் கண்ணில் சச்சி பாதி என் தயாரிப்பு. மருத்துவமனைக் கோப்பில் அவனுடைய இலக்கமாக இருந்ததும் என் கைத்தொலைபேசி இலக்கம்தான்.

அவனுடைய இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருந்தது. இப்போதெல்லாம் நெஞ்சைப் பிளக்கத் தேவையில்லை. தொடையிலுள்ள இரத்தக்குழாய் வழியாகப் புது வால்வை மடித்துக் கொண்டுபோய், பழையதற்கு உள்ளேயே குடைபோல விரித்துவிடுகிறார்கள். இரத்தம் ஒரு கணமும் நிற்பதில்லை. ஓடும் ரயிலை நிறுத்தாமல் தண்டவாளம் மாற்றுவதற்குச் சமம். நான் அதைப் பற்றி மூன்று காணொளிகள் பார்த்தேன். அற்புதம். மூன்று நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம்.

சிக்கல் அதுதான். கடிதத்தில் மே ஐந்து என்றிருந்தது. எட்டாம் திகதி அவன் வீட்டில், ஒன்பதாம் திகதி புது வால்வோடு என் சோபாவில். கமலேஸ்வரியின் சட்டம் முடிந்துவிடும்.

சச்சி கடிதத்தைக் கொண்டுவந்து தந்துவிட்டு, படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்னவாம்?"

"திகதி பிறகு அறிவிப்பினமாம்."

"பிறகெண்டால்?"

"உனக்கென்ன அவசரம்? பொம்பிளை பாக்கவே போறாய்?"

"கமலேஸ் கேட்டால் பழைய வால்வையும் கழட்டிப்போடுவாள்" என்று சிரித்தான். சிரிப்பு மூச்சிரைப்பில் முடிந்தது. "சரி, நீ வாசிச்சால் சரி" என்றான்.

கடிதத்தில் ஒரு வரி தடித்த எழுத்தில் இருந்தது. அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

மறுநாள் காலை சச்சியாகத் தொலைபேசி எடுத்தேன். குடும்பத்தில் ஒரு நன்மைக் காரியம், ஜூன் மாதத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். மிக இனிமையான பெண். ஜூன் இரண்டு தந்தார். முப்பத்தைந்தாவது ஆட்டம் சமநிலை. முப்பத்தாறாவது வெற்றி. முப்பத்துநான்கு புள்ளி.

மே பன்னிரண்டு அவர்களே அழைத்தார்கள். யாரோ ஒருவர் வராததால் வியாழக்கிழமை ஓர் இடம் காலியாம். எனக்குத் தடிமல், காய்ச்சல் என்றேன். வரிசை எப்படி வேலை செய்கிறது என்று அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார்: இரண்டாம் தடவையும் மறுத்தால் பட்டியலிலிருந்து பெயர் எடுபடும், குடும்ப வைத்தியரிடம் போய் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அவர் விளக்கிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. உண்மையில் அதுவும் ஒரு கீழிறக்கம்தான். "அப்படியே செய்யுங்கள்" என்றேன். கடைசி ஆட்டம் நடக்கும் மே இருபத்துநான்குக்குப் பிறகு எல்லாவற்றையும் சரிசெய்வேன் என்று நினைத்தேன். அந்த எண்ணம் உண்மையானது. நாட்காட்டியில் எழுதியும் வைத்தேன்.

முப்பத்தேழாவது ஆட்டம் சமநிலை. முப்பத்தைந்து புள்ளி, பதினெட்டாம் இடம். எங்களுக்கு மேலே பதினேழாம் இடத்தில் இருந்த கழகத்துக்கு ஒரு புள்ளி அதிகம்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை கமலேஸ்வரியை வெஸ்ட் ஈலிங் அம்மன் கோவிலுக்குக் காரில் கூட்டிப்போனேன். சச்சியால் அப்போது கார்வரை நடக்க ஏலாது. கமலேஸ்வரி கணவன் பெயரில் அர்ச்சனை செய்தார். பிறகு ஐயர் என்னைப் பார்த்தார். நான் கழகத்தின் பெயரைச் சொன்னேன்.

"நட்சத்திரம்?"

"உத்தரட்டாதி" என்றேன். கழகம் தொடங்கிய திகதியை வைத்து முன்னரே கணித்திருந்தேன். ஐயர் அந்த ஆங்கிலப் பெயரை மந்திரத்துக்குள் அழகாகப் பொருத்தினார். கமலேஸ்வரி பல நாளுக்குப் பிறகு சிரித்தார். "ராசா அண்ணை, உங்களுக்கு விசர்" என்றார்.

கடைசி ஞாயிறு எல்லா ஆட்டங்களும் ஒரே நேரத்தில், நான்கு மணிக்குத் தொடங்கும். யாரும் மற்றவரின் முடிவைப் பார்த்து ஆடக்கூடாது என்பதற்காக. நல்ல ஒழுங்கு. இடைவேளையில் ஒரு கோல் பின்னால் இருந்தோம். ஐந்து பன்னிரண்டுக்கு என் தொலைபேசி நடுங்கியது. கமலேஸ்வரி. ஆட்டத்தின்போது நான் தொலைபேசியைத் தொடுவதில்லை, அதுவும் முறையின் ஒரு பகுதி. மூன்று தடவை அடித்தது. எமில்டா அதை எட்டிப் பார்த்து, "எடுங்கோ அண்ணை, ஏதும் அவசரமோ தெரியாது" என்றாள்.

"சச்சி ஸ்கோர் கேக்கிறானாக்கும்" என்றேன்.

இரண்டு கோல் அடித்தோம். இரண்டாவது எண்பத்தெட்டாம் நிமிடம். மேலிருந்த கழகம் சமநிலை. முப்பத்தெட்டுக்கு முப்பத்தேழு. எமில்டா அழுதாள், நானும் அழுதேன். கழுத்துத் துண்டைப் போட்டுக்கொண்டு சச்சி வீட்டுக்கு நடந்தேன், இரண்டு தெருதான். வாசலில் அம்புலன்ஸ் நின்றது. அவர்கள் அவசரப்படவில்லை.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். கணவர் இரண்டு தடவை தானே மறுத்தார் என்று மருத்துவமனை சொல்ல, அவருக்குத் தொலைபேசியில் ஆங்கிலம் வராது என்று கமலேஸ்வரி சொல்ல, தொலைபேசி உரையாடலின் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். பெயர் சொல்வதற்கு முன் நான் தொண்டையைச் செருமுவேன். அதிலேயே கமலேஸ்வரி பிடித்துவிட்டார்.

நீங்கள் நேரடியாகக் கேட்டீர்கள். நேரடியாகவே பதில். தடித்த எழுத்தில் இருந்த வரி: சுருக்கம் கடுமையானது, இந்தத் திகதியைத் தவறவிடுவது உயிராபத்து. அதை நான் வாசித்தேன். விளங்கியது. ஒரு தடவையல்ல, இரு தடவை மறுத்தேன். பதினேழாம் இடத்துக்காக என் நண்பனைக் கொன்றது நான்தான். முட்டாள்தனம் என்று எனக்குத் தெரியும். கிண்ணத்துக்காக என்றாலும் ஒரு மரியாதை இருந்திருக்கும்.

ஒரேயொரு விடயம் பாக்கி. செத்தவீட்டில், பதிவு வெளிவருவதற்கு முதல், கமலேஸ்வரி என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"அண்ணை, உங்களிட்ட மறைச்சுப்போட்டம். அவர் கடைசி நாலு மட்ச்சும் பாத்தவர். மகள் சாருஜா தூரத்தில இருந்து வந்தநேரம் தன்ர ஐபாடைக் குடுத்திட்டுப் போனவள், அப்பாவின்ர செல்லம். கட்டிலில படுத்துக்கொண்டு சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுப் பாப்பார். நான் பிடிச்சன், பிறகு பாவமெண்டு விட்டிட்டன். 'ராசாவுக்குச் சொல்லாதை, நான் பாத்தால் தோக்கும் எண்டு நம்புறான், பயந்துபோவான்' எண்டவர்."

 ஐபாடில் படம் நாற்பது விநாடி பிந்தித்தான் வரும் என்று முதலில் நினைத்தேன். அவன் பார்க்கும்போது ஆட்டத்தில் எல்லாம் நடந்து முடிந்திருக்கும், ஆகவே அது பார்த்ததாகாது. ஆனால் அது பலவீனமான வாதம். ரயிலில் ஒருவரும் ஏற்கமாட்டார்கள்.

பிறகு ஒன்று கேட்டேன். "கடைசி மட்ச் அண்டைக்கு எத்தினை மணிக்கு மயங்கினவன்?"

"ஐஞ்சு பத்து" என்று சொல்லிவிட்டு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் துக்கத்தில் கேட்கிறேன் என்று நினைத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன். நாங்கள் முதற்கோல் அடித்தது ஐந்து பத்தொன்பதுக்கு, அவன் பார்ப்பதை நிறுத்தி ஒன்பது நிமிடத்துக்குப் பிறகு. தயவுசெய்து அதையும் பதிவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.