வின்ஸ் கார்மோடிக்குப் போட்ட செல்லாத ஓட்டு

"ஆளு போதலை"ன்னுதானே எழுதினே, எல்லை பிரிக்கிற ஆபீஸ் தம்பி? இங்க வந்து எண்ணிப் பாத்தியா? மழை பெய்யாட்டி ஆளு போகத்தான் செய்வான். அதுக்காக நம்ம கரிங்கல் தொகுதியையே கடலோரத்தோட ஒட்ட வச்சிருவியா?

சரி, அவன் வரலை. மேடையில இருக்கிற வின்ஸ் சம்சாரம் நோலா அம்மா, கடலோரத்துலேர்ந்து வந்த புது எம்.பி. ஹால்டன் ஐயா, நாற்காலி போதாம நிக்கிற சனங்களே, வணக்கம். வெள்ளிக்கிழமையோட நம்மூர் எம்.பி. ஆபீஸை மூடுறாங்களாம். அதையும் கேக்கத்தான் மைக்கைப் பிடிச்சேன்.

நம்ம வின்ஸ் கார்மோடி போயிட்டாரு. இருபத்தாறு வருஷம் எம்.பி. அவருக்கு முன்னாடி யாரு இருந்தா நமக்கு? ஒருத்தர் ஆட்டுப்பண்ணை முதலாளி. ஓட்டு கேக்கக்கூட குதிரையை விட்டு இறங்கலைன்னு எங்கப்பா சொல்வாரு. அடுத்தவர் பார்லிமெண்டுல தூங்கினாரு; குறட்டை ரேடியோவுல வந்துச்சு. வின்ஸ்? அறுப்பு சமயத்துல தானியம் கொட்டுற சைலோ வாசல்ல கோதுமை லாரி வரிசையா நிக்கும்ல, ஒவ்வொண்ணா ஏறி பக்கத்து சீட்டுல உக்காருவாரு.

"சொல்லுய்யா, யாரைத் திட்டணும்?"

"உன்னைத்தான்."

"வரிசை நகர்ற வரைக்கும் திட்டு."

அப்படித் திட்டு வாங்கித்தான் நமக்கு ஆம்புலன்ஸ் கொண்டாந்தாரு.

படுத்த படுக்கையாயிட்டாரு, போன தேர்தல்ல நிக்கலை. நாம என்ன செஞ்சோம்? ஓட்டுச்சாவடியில கயித்துல கட்டின பென்சிலை எடுத்தோம். நின்னவங்க பேருக்கு நேரா கட்டத்துல ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போடாம, சீட்டுக்கு அடியில "வின்ஸ்"னு எழுதினோம். பாசமாம். முன்னூத்திப் பன்னெண்டு ஓட்டு செல்லாமப் போச்சு. அவரு இடத்துல நின்ன நம்ம டோரீன், ஹால்டன் ஐயாகிட்ட தோத்தது தொண்ணூறு ஓட்டுல.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னேன்.

"நீயுமா எழுதினே, மடையா?"

"நல்ல கையெழுத்துல எழுதினேன்."

அவரு சிரிக்கலை. செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அதுக்கப்புறம் என்கிட்ட பேசவே இல்லை.

அவர் வேலையைத் தொடருவோம்னு இப்ப நான் சொல்லணும். எதை வச்சுத் தொடர? எனக்கு எண்பத்தி மூணு. ஆபீஸும் போச்சுன்னா பென்ஷன் பேப்பருக்கு நாலு மணி நேரம் வண்டி ஓட்டணும். ஹால்டன் ஐயா, வாரத்துல ஒரு நாள் திறங்க. ஒரு மேசை, ஒரு ஆளு போதும். கூட்டிப் பெருக்க நான் வர்றேன்.

என்னங்க, எழுந்துட்டீங்க? கழிப்பறை பின்பக்கம்.

ஓ, காருக்கா.

அந்தக் கதவு இறுகும், தோளால தள்ளுங்க. ஐயா, வாரம் வேணாம். மாசத்துக்கு ஒரு நாள். அரை நாள்னாலும் சரி, ஐயா, ஒரு மத்தியானம்...